கால் ஊனாமல் ஒரு எட்டு

எட்டு என்ன பெரிய எட்டு, கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போடுவான் குழந்தைவேலு, சாக்பீஸைக் கையில் கொடுத்துப் பாருங்கள், வைத்த கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மேல் வயிறும் கீழ் வயிறும் இம்மி பிசகாமல் வந்து சேரும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ‘சார் இன்னொண்ணு சார், இன்னொண்ணு சார்’ என்று கேட்டு வாங்கிப் பார்க்கிற எட்டு, அதற்கு ஒரு மூக்கு வைத்தால் வாத்து, ரெண்டு காது வைத்தால் பூனை, ஓவிய வாத்தியாராகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் போட்ட எட்டையெல்லாம் ஒட்டவைத்தால் புதுக்கோட்டையில் ஆரம்பித்துத் திருச்சியைத் தாண்டிப் போகும். ஆனால் இந்த ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் சுண்ணாம்பில் போட்டிருக்கிற எட்டு இருக்கிறதே, அது மல்லாந்து படுத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, வா வாத்தியாரே, கையால் போட்டது போதும், இப்போது உடம்பால் போடு, கியர் இல்லாத இந்த ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டு போடு, காலைக் கீழே ஊனாமல் போடு. அவ்வளவுதான் பரீட்சை. ஊனினால் பெயில். ரெண்டு தடவை ஊனியாகிவிட்டது, முதல் தடவை எட்டின் நடு முடிச்சில், ரெண்டாம் தடவையும் அதே பாழாய்ப்போன முடிச்சில், பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி, அவருக்கு ஊரில் அதுதான் பேர், தலையைக்கூட நிமிர்த்தாமல் ‘ஊனிட்டீங்க சார், அப்புறம் வாங்க’ என்றார். அப்புறம் வந்தாயிற்று. இன்று மூன்றாம் தடவை. ஹெல்மெட்டுக்குள் தலை வேர்க்கிறது, முன்னால் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள், அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் பொன்னரசி பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவனுடைய மனைவி, கருக்காவயல் நர்சம்மா, இன்று சாயங்காலத்துக்குள் அவள் மேலே உள்ளவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் இந்தச் சுண்ணாம்பு எட்டுக்குள்தான் கிடக்கிறது.

கருக்காவயலா, டவுனா, அதுதான் கேள்வி. டவுனில் மேஜை வேலை, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதலாம், நாலு தெரு நடந்தால் ஆபீஸ், கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், ‘ஒனக்குக் கண்ணு இப்படி ஆயிருச்சே பொன்னரசி, ஒதுங்கி உக்காரேன்’ என்று. அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்தவள் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டாள். கருக்காவயலில் பிறந்த பாதிப் பிள்ளைகளின் தொடையில் அவள் போட்ட ஊசித் தழும்புதான் இருக்கிறது, ஊசி போட்டவளையே கண்டதும் ஓடிவந்து சேலையைப் பிடிக்கிற பிள்ளைகள், எந்த ஊரில் நடக்கும் இது? ‘நர்சம்மா வந்தாத்தான் மாத்திரை முழுங்குவேன்’ என்று வாயை இறுக்கிக்கொள்கிற கர்ப்பிணிகள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் செத்துப்போக மாட்டாள், சரிதான், ஆனால் இருந்த மாதிரியும் இருக்க மாட்டாள். கருக்காவயலுக்குக் காலையில் ஒரு பஸ், அந்தியில் ஒரு பஸ், நடுவில் இடுப்பு வலி வந்தால் பஸ் வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று பிள்ளையிடம் சொல்ல முடியுமா? வண்டி வேண்டும். வண்டிக்கு ஓட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் லைசென்ஸோடு வேண்டும். அந்த ஆள் இவன்தான், வேறு நாதியில்லை, இவனுக்கோ கால் அடங்க மாட்டேன் என்கிறது. வரிசை ஒரு ஆள் நகர்ந்தது, வண்டியை உருட்டிக்கொண்டு இவனும் நகர்ந்தான்.

பயம் என்றால் பயந்து தொலைக்கலாம், ஒரு சோடா குடித்தால் போய்விடும். இது பயமில்லை, பழக்கம். பொன்னரசி குள்ளம், ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும், அதுவும் செருப்பின் தயவில். இவனோ பனைமரம். பேர் மட்டும் குழந்தை. கல்யாணமான புதிதில் அவள் வண்டி வாங்கினாள், ‘ஏங்க, நீங்க ஓட்டுங்களேன்’ என்றாள், ‘எனக்கு வராது அரசி’ என்றான், ‘சரி, அப்ப பின்னாடி உக்காருங்க’ என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், மானம் ரோஷம் என்று ஒரு பேச்சு இல்லை. அன்றிலிருந்து அவள் முன்னால், இவன் பின்னால், முழங்கால் ரெண்டும் வெட்டுக்கிளி மாதிரி வெளியே துருத்திக்கொண்டு. ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ‘வாத்தியாரே, எறங்கறப்ப டிக்கெட் எடுத்துட்டீங்களா?’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ரயில்வே கேட் மூடியிருந்தால், மணல் கொட்டிக் கிடந்தால், எதிரில் மாடு வந்தால், பொன்னரசி பிரேக்கைப் பிடித்தபடியே ‘ஊனுங்க’ என்பாள். இவன் ரெண்டு காலையும் தரையில் ஊனுவான், வண்டி தூண் மாதிரி நிற்கும். அவள் ஓட்டுவாள், இவன் ஊனுவான், இது ஒரு குடித்தனம். ஊரில் பல ஆம்பளைகள் செய்கிற காரியத்தைவிட இது உருப்படியான காரியம் என்றுகூட அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. போகப்போக அவள் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவள் முதுகு லேசாக நிமிரும், கால் தானாக இறங்கும். அந்தக் கால்தான் இப்போது குடியைக் கெடுக்கிறது. வண்டி கொஞ்சம் மெதுவானால் போதும், இறங்கிவிடுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னான்? ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் பச்சையப்பன் சொல்லிப் பார்த்தான், கத்திப் பார்த்தான், கடைசியில் ‘சார், கோவிச்சுக்காதீங்க’ என்று தன் துண்டை எடுத்து இவன் ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டான். கட்டின காலோடு வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாத்தியாரும் வண்டியும் அப்படியே படுத்துவிட்டார்கள். பச்சையப்பன் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தான், பாவம்.

முன்னால் ஒரு காலேஜ் பெண் வண்டியை எடுத்தாள். விர்ரென்று போனாள், வளைந்தாள், முடிச்சைத் தாண்டினாள், வந்து நிறுத்திவிட்டு ‘ஈஸிதான் அங்கிள்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லா இரும்மா. ஈஸிதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எனக்குச் சொல்லக் கூடமும் இல்லை, தரை சமமாகத்தான் இருக்கிறது. அவன் புங்க மரத்தைப் பார்த்தான். பொன்னரசி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவனை அல்ல, மைதானத்தின் நடுவை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் இவனை நேராகவே பார்க்கவில்லை, காபியை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான், அந்த ஒரு பார்வையில் இவன் உயரம் நிறம் குணம் எல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டாள், பிறகு எத்தனை ஓரக்கண் பார்வை, மாமியார் பேசும்போது ஒன்று, கடைக்காரன் விலை சொல்லும்போது ஒன்று, பேசாமலே பேசுகிற கண் அது, அந்த ஓரக்கண்ணைத்தான் இப்போது காணோம். கண்ணுக்குள் பிரஷராம். கண்ணுக்குக்கூடவா பிரஷர் வரும்? டாக்டர் தாளில் ஒரு வட்டம் போட்டு, ஓரம் முழுக்கக் கறுப்பாகத் தீட்டி, நடுவில் கொஞ்சம் வெள்ளையை விட்டுவிட்டு, ‘நேரா இருக்கறது தெரியும்மா, பக்கத்துல இருக்கறது தெரியாது. போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், சொட்டு மருந்தை மட்டும் விட்றாதீங்க, வண்டியைத் தொடாதீங்க’ என்றார். மோசமாகத் தீட்டியிருந்தார், கோடு வெளியே வந்திருந்தது, ஓவிய வாத்தியார் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது, வெட்கக்கேடு. டாக்டரிடம் போனதே அந்தக் கன்றுக்குட்டியால்தான். கருக்காவயல் வளைவில் இடது பக்கத்திலிருந்து துள்ளி வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவன் ‘அரசி!’ என்று அலறி ரெண்டு காலையும் ஊனினான், வண்டி தேய்த்துக்கொண்டு நின்றது, கன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு நிற்கிறது, அவள் ‘எது? எங்க?’ என்று கேட்கிறாள். எங்கே என்று கேட்கிறாள்! அது கன்றாக இருந்ததால் சரி. அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். ‘மிச்சம் எவ்வளவு தெரியுது அரசி?’ என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான், ‘எல்லாந் தெரியுது, போங்க’ என்பாள், சொல்லிக்கொண்டே இடது பக்கம் இருக்கிற டம்ளரைத் தட்டிவிடுவாள். இவன் சத்தமில்லாமல் டம்ளரை வலது பக்கம் வைக்கத் தொடங்கினான். அவளுக்கும் அது தெரியும்.

வலது கை. இன்னொரு சனியன் அது. காலைச் சொல்லிவிட்டுக் கையைச் சொல்லாமல் விட்டால் எப்படி? மீசை அரும்பின வயசில் சித்தப்பா மகன் மோட்டார் சைக்கிளை இவன் கையில் கொடுத்து, ‘விடுறா, ஒண்ணும் ஆவாது’ என்றான். ஆயிற்று. நிறுத்த வேண்டிய இடத்தில் கை முறுக்கிவிட்டது, விட வேண்டிய கை விடாமல் முறுக்குகிறது, பயந்தால் இறுக்கிப் பிடிக்கிற கை, இறுக்கினால் ஓடுகிற வண்டி, நேராகப் போய்ச் செட்டியார் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து பாயச அண்டாவில் நின்றது. யாருக்கும் அடியில்லை, பாயசத்துக்குத்தான் ஆயுசு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாயசம் இல்லாமல் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாராவது இவனைப் பார்த்தால் முதலில் வண்டி எங்கே என்றுதான் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியின் கைப்பிடியையும் தொட்டதில்லை, கை இப்படி, கால் அப்படி, நடுவில் ஒரு மனுஷன். பள்ளிக்கூடத்தில் லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, பி.டி. வாத்தியார் சகாயராஜ் ‘கியர் வண்டிக்கா, கியர் இல்லாததுக்கா?’ என்று கேட்டார். கியர் இல்லாததுக்கு. ‘அட என்ன சார், ஆம்பளை, அதுக்கெல்லாமா ஒரு லைசென்ஸ்? எடுக்கறதுதான் எடுக்கறீங்க, பெருசா எடுங்க.’ பெரிய வண்டி ஓட்டிப் பெரிய இடத்துக்கு எங்கே போகப் போகிறேன் சகாயராஜ், கருக்காவயலுக்குப் போகப் போகிறேன், வழியெல்லாம் ஆடும் கோழியும், நாற்பதில் போனாலே மேல்மூச்சு வாங்குகிற ரோடு, எனக்கு வேண்டியது சின்ன லைசென்ஸ், அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிற அளவுக்கு ஒரு லைசென்ஸ், அதற்குமேல் கொடுத்தாலும் வேண்டாம். இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை, சிரித்து வைத்தான். இப்போது ஹெல்மெட்டுக்குள் சொல்கிறான், நன்றாகத்தான் சொல்கிறான், கேட்கத்தான் ஆளில்லை.

‘குழந்தைவேலு! யாருப்பா குழந்தை?’ பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து கீழே தேடினார், பிறகு மேலே பார்த்தார். வரிசையில் சிரிப்பு. ‘ஓ, நீங்களா சார். போங்க. இந்தத் தடவ ஊனாமப் போங்க.’ சரி சார். ஸ்டாண்டை எடுத்தாயிற்று, பிரேக்கைப் பிடித்து பட்டனை அமுக்கினால் வண்டி உறுமுகிறது, சின்ன உறுமல், பூனை உறுமல், கால் ரெண்டும் இன்னும் தரையில்தான், இப்போது தரையில் இருக்கலாம், இப்போது இருக்கலாம், வலது கையே உனக்குக் கும்பிடு, அண்டா எதுவும் இல்லை இங்கே, கொஞ்சமாகக் கொடு, கொடுத்தது, வண்டி நகர்கிறது, கால் மேலே வந்துவிட்டது, ஏறி உட்கார் கால் மகாராஜா, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதே. முதல் வளைவு. இடது பக்கம் சுண்ணாம்புக் கோடு ஓடுகிறது, கோட்டைப் பார்க்காதீங்க சார், போற எடத்தைப் பாருங்க என்பான் பச்சையப்பன், பார்க்கிறேன் அப்பா, மைதானத்தின் அந்தப் பக்கம் புங்க மரம் தெரிகிறது, அரசி உட்கார்ந்திருக்கிறாள், இவன் இங்கே இந்தக் கோடியில் வளைந்துகொண்டிருக்கிறான், அவள் தலை திரும்பவில்லை. ‘நான் பாத்துக்கிட்டே இருப்பேன், தைரியமாப் போடுங்க’ என்று சொன்னாளே, பார்க்கவில்லையே, நடுவையே பார்க்கிறாளே, ஏன் நடுவையே பார்க்கிறாள், அட, அட மடையா, நீ இங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் தீட்டின கறுப்புக்குள் நீ போய்க்கொண்டிருக்கிறாய். நடுவில் விட்டாரே கொஞ்சம் வெள்ளை, அது இந்த எட்டின் முடிச்சு மட்டும்தான், அவள் அங்கே கண்ணை நட்டுவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள், இவன் எப்போது வருவான் என்று, வளைவில் விழுந்தானா, நிற்கிறானா, எதுவும் தெரியாமல். எல்லாந் தெரியுது என்றாயே, பாவி, எல்லாந் தெரியுது என்றாயே. முடிச்சு வருகிறது. வண்டி மெதுவாகிறது, மெதுவாகக்கூடாது, மெதுவாகிறது, இடது கால் குதிகால் கிளம்புகிறது, காதுக்குள் ‘ஊனுங்க’ என்கிறாள், இத்தனை வருஷம் சொன்ன குரல், அந்தக் குரலுக்காக அவன் முன்னால் பார்த்தான், நிமிரப்போகிற முதுகுக்காக, பின்னலுக்காக, அதற்கு நேரே மேலே இருக்கிற ரெண்டு மல்லிகைக்காக. முன்னால் முதுகு இல்லை. காற்றுதான் இருந்தது. யாரும் ஊனச் சொல்லவில்லை. கால் எதற்கு இறங்குகிறது, யாருக்காக இறங்குகிறது, தாங்குவதற்கு முன்னால் ஆளே இல்லையே. அவள் எதிரே இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஊனுகிறவனைப் பார்க்க அல்ல, வருகிறவனைப் பார்க்க. வலது கை, வாழ்நாளில் முதல்முறையாக, முறுக்க வேண்டிய இடத்தில் ஒரு துளி முறுக்கியது. ஒரு துளிதான். வண்டி நிமிர்ந்து முடிச்சைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது, காலும் கூடவே போயிருந்தது, வண்டியின் கால்பலகை மேலேயே.

ரெண்டாம் வளைவு. மறுபடி முடிச்சு. புங்க மரத்தடியில் அவள் பாதி எழுந்து நிற்கிறாள். மறுபடி முதல் வளைவு. சாக்பீஸ் எட்டும் இதுதானே, எடுத்த இடத்துக்கே திரும்ப வருவது, இவ்வளவு நாள் கை அறிந்ததை இடுப்பு இப்போதுதான் அறிகிறது, மறுபடி முடிச்சு, அவளுக்கு நான் தெரிகிறேன், தெரியவில்லை, தெரிகிறேன், இன்னொரு தடவை தெரிகிறேன், இப்படியே சாயங்காலம் வரைக்கும்கூடச் சுற்றலாம் போலிருக்கிறது. ‘சார்! போதும் சார்!’ என்று யாரோ கத்துகிறார்கள். எதற்குப் போதும்? பிரேக் இன்ஸ்பெக்டர் ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறார், ‘யோவ் வாத்தியாரே, எத்தனை எட்டுய்யா போடுவீங்க, பாஸு, பாஸு, நிறுத்துங்க!’ பாஸு. நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஊன வேண்டுமே, ஊனினால் பெயிலாகிவிடுமே என்று மனசு குழம்பி இன்னொரு அரை வட்டம் போனது. ‘ஊனுங்க சார், இப்ப ஊனலாம்! ஊனித் தொலைங்க!’ வரிசையே சிரித்தது, காலேஜ் பெண் கைதட்டினாள், அவன் நிறுத்தி ரெண்டு காலையும் தரையில் வைத்தான். ‘கியர் வண்டி தொடக்கூடாது, தெரியும்ல?’ என்று கேட்டபடியே அவர் கையெழுத்துப் போட்டார், ‘தெரியும் சார், இது போதும்’ என்றான்.

வண்டியைப் புங்க மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனான். பச்சையப்பன் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டான். பொன்னரசி முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். ‘நாலு தடவ வந்தீங்க. நாலு தடவையும் பாத்தேன்.’

‘நடுவுல வந்தப்பவா?’

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, ‘நடுவுல மட்டுந்தாங்க தெரியுது’ என்றாள், மெதுவாக, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. ‘ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல. ஒங்களுக்குச் சொல்ல மனசு வரல.’

‘தெரியும்.’

‘எப்பருந்து?’

‘இப்பத்தான்.’ வண்டியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டே, ‘பக்கத்துல இருக்கறத நான் பாத்துக்கறேன் அரசி, நீ நேரா இருக்கறத மட்டும் பாரு’ என்றான். சொன்ன பிறகுதான் அது பெரிய பேச்சு என்று பட்டு வெட்கமாகிவிட்டது. எல் போர்டு வண்டியில் இன்னும் ஒட்டித்தான் இருந்தது, லைசென்ஸ் அட்டை தபாலில் வருகிற வரைக்கும் இருக்கட்டும், லைசென்ஸ் உள்ள ஆள் பின்னால் உட்கார்ந்தால் போதும், அவளிடம் இருக்கிறதே.

அவள் பின்னால் ஏறினாள். ஏறின பிறகு அசையாமல் இருந்தாள். ‘ஏங்க,’ என்றாள், ‘பின்னாடி எங்கங்க பிடிச்சுக்கறது?’ இத்தனை வருஷத்தில் அவள் இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை, அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இந்த ஒரு விஷயத்தில் மாவட்டத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. ‘கம்பியப் பிடிக்காத, கை மரத்துப்போகும். என் தோளப் பிடிச்சுக்க. பள்ளம் வந்தா சொல்றேன், லேசா எழும்பிக்க. திரும்பறப்ப எதிர்ப்பக்கம் சாயாத, என் கூடவே சாயி.’ ‘பெரிய இவரு’ என்று தோளைப் பிடித்தாள். அப்போது அவள் பையில் போன் அடித்தது. கருக்காவயலிலிருந்து, மாசமாயிருக்கிற வள்ளிக்கண்ணுவின் மாமியார், அந்த அம்மாள் போனில் பேசினால் போனே தேவையில்லை, மைதானத்துக்கே கேட்கும்: ‘நர்சம்மா, எங்க இருக்கீக? மருமவளுக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, டவுனுக்கு வாடின்னா மாட்டேங்கிறா. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா.’

‘தலைவலி இருக்கா? கண்ணு இருட்டுதா? ஒண்ணுமில்லையா? சரி, ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, உப்ப நிறுத்துங்க’ என்றாள் பொன்னரசி, நர்சம்மாவின் குரலில், பல நாள் கழித்து அவன் கேட்கிற குரலில். ‘இந்தா, கெளம்பிட்டோம்.’

போனைப் பைக்குள் போட்டாள். அவன் வண்டியைக் கிளப்பினான், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தான், வலது பக்கம் திரும்பினால் டவுன், இடது பக்கம் கருக்காவயல். ‘சாயங்காலம் ஆபீஸுல என்ன சொல்லப் போற?’ என்று கேட்டான்.

‘அதான் இப்பச் சொல்லிட்டேனே,’ என்றாள் தோளை அழுத்தி. ‘இடது பக்கம் பாத்துத் திருப்புங்க.’